பிடி மக்காச்சோளம் வந்தால் படைப்புழு போய்விடுமா?

குடிமங்கலம் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் மக்காச்சோளம் போடும் ஒருவரின் கேள்வி: "பருத்திக்கு வந்த மாதிரி மக்காச்சோளத்துக்கும் பிடி விதை வந்துட்டா படைப்புழுவுக்கு மருந்து அடிக்கிற வேலை விட்டுருமுங்களா? மத்த பூச்சி என்னாகும்? பக்கத்துத் தோட்டத்துல பட்டுப்புழு வளர்க்கிறாங்க, அதுக்கு ஏதும் ஆகுமுங்களா?"

பிடி விதை என்றால், புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே தயாரிக்கும்படி ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த விதை. சுருக்கமாகச் சொன்னால், தண்டுத்துளைப்பானுக்கு அடிக்கும் மருந்து பெரும்பாலும் மிச்சமாகும். படைப்புழுவைப் பொறுத்தவரை, விதையில் என்ன புரதம் இருக்கிறது, சுற்றிலும் உள்ள காடு தோட்டங்களில் என்ன விதை விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சில வருடம் நன்றாக இருந்துவிட்டு கைவிட்டுவிடவும் வாய்ப்புண்டு. குருத்து ஈ, அசுவினி இரண்டும் இப்போது இருப்பது போலவேதான் இருக்கும். பட்டுப்புழுவுக்கு பிடி மகரந்தத்தைவிட நீங்கள் இப்போது டேங்கில் கலக்கும் மருந்துதான் பெரிய ஆபத்து.

விவரத்துக்குப் போகுமுன் ஒன்று. இந்தியாவில் சட்டப்படி வணிகச் சாகுபடியில் இருக்கும் மரபணு மாற்றுப் பயிர் 2002இல் அனுமதி பெற்ற பிடி பருத்தி மட்டும்தான். பிடி கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டது, அது இன்னும் நீங்கவில்லை. பிடி மக்காச்சோளத்துக்குச் சாகுபடி அனுமதி கிடையாது. ஆகவே "பிடி மக்காச்சோள விதை" என்று யாராவது பாக்கெட்டை நீட்டினால் அது கள்ள விதை, அல்லது சாதா வீரிய ஒட்டு விதைக்கு வைத்த பெயர். களத்தில் கிடக்கும் மணியை எடுத்து விதையாக்கி விற்பவர்களும் உண்டு. உண்மையான பிடி வீரிய ஒட்டிலிருந்தே எடுத்த மணியாக இருந்தாலும், அடுத்த தலைமுறையில் நாலில் ஒரு செடிக்கு அந்த மரபணு இருக்காது, விளைச்சலும் இறங்கிவிடும்.

வேலை செய்யும் விதம் இதுதான். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (இதன் ஆங்கிலச் சுருக்கம்தான் பிடி) என்ற மண் பாக்டீரியா பலவகைப் புரதங்களைச் செய்கிறது. க்ரை1ஏபி, க்ரை1எஃப், விப்3ஏ என்று அவற்றுக்குப் பெயர். அந்தப் புரதத்துக்கான மரபணுவைச் செடிக்குள் வைத்துவிட்டால் இலை, தண்டு, மணி எல்லாமே அதைத் தயாரிக்கும். புழு கடிக்கிறது, அதன் குடலில் உள்ள காரத்தன்மையில் புரதம் கரைகிறது, குடல் சுவரில் தனக்குப் பொருந்தும் ஏற்பியில் (புரதம் ஒட்டிக்கொள்ளும் இடம்) போய் ஒட்டுகிறது, அங்கே ஓட்டை விழுகிறது. சில மணி நேரத்தில் புழு தீனியை நிறுத்திவிடும், இரண்டு மூன்று நாளில் சாகும். மாடு, கோழி, மனிதன் வயிற்றில் அமிலம்தான் இருக்கிறது, அந்த ஏற்பியும் இல்லை. அதனால் நமக்கு அது வெறும் புரதம்.

இந்த முறையின் பலமும் ஓட்டையும் இதிலேயே இருக்கின்றன. செடியின் திசுவைக் கடித்துத் தின்ன வேண்டும், குடலில் பொருத்தமான ஏற்பி இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. அசுவினி உறிஞ்சும் சாற்றில் இந்தப் புரதம் அனேகமாக இருப்பதில்லை. குருத்து ஈயின் புழு குருத்தைத் தின்றாலும், அந்துப்பூச்சிப் புழுக்களுக்கென்று தேர்ந்தெடுத்த புரதம் ஈயின் புழுவில் ஒட்டாது. மூட்டையில் விழும் வண்டுக்கும் அப்படித்தான். அமெரிக்காவில் வேர்ப்புழு வண்டுக்காகத் தனியாக க்ரை3 வகைப் புரதம் வைத்த மக்காச்சோளம் 2003இல் வந்தது, ஆனால் அந்த வண்டு நம் ஊரில் கிடையாது.

புழுவின் வயதும் முக்கியம். முட்டையிலிருந்து வெளிவந்த சின்னப் புழு சாகும் அளவு நஞ்சை பெரிய புழு தாங்கிக்கொள்ளும். படைப்புழு ஆறு பருவம் வளர்கிறது, வாழ்நாள் தீனியில் பெரும்பகுதியைக் கடைசி இரண்டு பருவத்தில்தான் தின்கிறது. வரப்புப் புல்லிலோ பக்கத்துச் சாதாப் பயிரிலோ வளர்ந்த பெரிய புழு பிடி வயலுக்குள் நகர்ந்தால் ஓரச் செடிகளைத் தின்றுதான் தீர்க்கும். செடியும் எல்லா நாளும் ஒரே அளவு புரதத்தைத் தருவதில்லை. பயிர் முதிர்ந்தால் குறையும், தழைச்சத்துப் போதாமல் வெளுத்த பயிரிலும் குறையும். யூரியா போட ஈரம் இல்லாமல் நிற்கும் மானாவாரி மக்காச்சோளத்தில், பாசனத் தோட்டத்தில் கிடைக்கும் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

வெளிநாட்டு அனுபவத்தில் நல்ல பக்கத்தை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் பிடி மக்காச்சோளம் 1996இல் விதைப்புக்கு வந்தது. அங்கே முக்கிய எதிரி ஐரோப்பியத் தண்டுத்துளைப்பான். அயோவா, இல்லினாய், மின்னசோட்டா, நெப்ராஸ்கா, விஸ்கான்சின் ஆகிய ஐந்து மாநிலங்களின் 14 ஆண்டுக் கணக்கை 2010இல் வெளியிட்டார்கள். மொத்தப் பலன் சுமார் 690 கோடி டாலர். அதில் சுமார் 430 கோடி, பிடி விதையே போடாதவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பிடி செடியில் இட்ட முட்டையெல்லாம் வீணாகி அந்துப்பூச்சியே வட்டாரத்தில் அருகிப் போனதால், விதைக்குக் கூடுதல் காசு கொடுக்காதவர் காட்டிலும் புழு குறைந்தது. பிலிப்பைன்ஸில் 2003 முதல் ஆசியத் தண்டுத்துளைப்பானுக்கு எதிராகப் பிடி மக்காச்சோளம் போடுகிறார்கள். நம் ஊர்ப் புள்ளித் தண்டுத்துளைப்பானும் க்ரை1ஏபி புரதத்துக்கு மசியக்கூடியதுதான்.

படைப்புழுவின் கதை வேறு. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் இந்தியாவிலேயே முதலாவதாகக் கண்டுபிடிக்கப்பட்டு, அந்த வருடமே கொங்கு மக்காச்சோளத்தை மேய்ந்த இந்தப் பூச்சிக்குச் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டங்கள். க்ரை1எஃப் வைத்த மக்காச்சோளம் பியூர்ட்டோ ரிக்கோவில் 2003 வாக்கில் வந்தது. 2006லேயே படைப்புழு அதைத் தின்று வளர ஆரம்பித்து, அந்த விதையின் விற்பனையை அந்தத் தீவில் நிறுத்த வேண்டியதாயிற்று. பிரேசிலிலும் விதை வந்த சில வருடத்தில் இதேதான் நடந்தது. தென்னாப்பிரிக்காவில் பூச்சி வேறு, அந்த ஊர்த் தண்டுத்துளைப்பான். 1998இல் விதை வந்தது, 2007இல் பிடி நஞ்சைத் தாங்கும் எதிர்ப்புத்திறன் பதிவாயிற்று.

பியூர்ட்டோ ரிக்கோவையும் பிரேசிலையும் கவனியுங்கள். இரண்டும் பெரும்பாலும் உறைபனி விழாத ஊர்கள், வருடம் முழுக்க எங்காவது மக்காச்சோளம் பச்சையாக நிற்கும். அமெரிக்காவின் மக்காச்சோள மாநிலங்களில் குளிர்காலத்தில் படைப்புழு செத்துவிடும், தெற்கே ஃபுளோரிடா, டெக்சாஸ் பக்கம்தான் தங்கும். நம் நிலைமை எது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆடியில் ஒரு பக்கம், புரட்டாசியில் மானாவாரிக் காடு, பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம்) தண்ணீர் விட்டதும் இன்னொரு பக்கம், கிணறு உள்ளவர் தைக்குப் பிறகும் போடுகிறார். உடுமலை, பல்லடம், தாராபுரம் வட்டாரத்தில் அந்துப்பூச்சிக்கு ஓய்வே கிடையாது. ஒரு தலைமுறை முடிய ஒரு மாதம் போதும். ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடியது அது.

எதிர்ப்புத்திறன் எப்படி வருகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். நஞ்சைத் தாங்கும் மரபணு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 10 லட்சம் புழுவில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணுவை வாங்கிய புழு ஒன்றே ஒன்று. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வாங்கிய அரைத் தாங்கிப் புழு சுமார் 2,000. செடியில் நஞ்சு போதுமான அளவு இருந்தால் அந்த 2,000மும் சாகும். மிஞ்சுவது ஒன்று, அது பக்கத்தில் பிடி இல்லாத பயிரில் வளர்ந்து வந்த ஏராளமான சாதா அந்துப்பூச்சிகளில் ஒன்றோடு இணையும், குஞ்செல்லாம் அரைத் தாங்கியாகப் பிறந்து பிடி செடியில் சாகும். நஞ்சு குறைவாக இருந்து அந்த 2,000த்தில் பாதி பிழைத்தாலோ, அடுத்த தலைமுறைக்கு ஒன்றுக்குப் பதில் ஆயிரம் பேர் விதை தூவுகிறார்கள். அமெரிக்க ஒழுங்குமுறையில் "அதிக அளவு" என்று ஏற்க வேண்டுமானால், சாதாப் புழுவில் 99 சதவீதத்தைக் கொல்லும் அளவைப் போல் 25 மடங்கு நஞ்சு செடியில் இருக்க வேண்டும். ஐரோப்பியத் துளைப்பானுக்கு க்ரை1ஏபி அந்த அளவைத் தொட்டது. படைப்புழுவுக்கு க்ரை1ஏபியும் க்ரை1எஃப்பும் தொடவில்லை. இருப்பதில் வலுவானது விப்3ஏ. ஆனால் அதையும் தாங்கும் படைப்புழுவை பிரேசில் ஆய்வுக்கூடத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்துக் காட்டிவிட்டார்கள். ஆகவே பிடி மக்காச்சோளம் இங்கே வருவதானால் விப்3ஏவோடு இன்னொரு புரதமும் சேர்ந்த அடுக்கு விதையாக வர வேண்டும். ஒற்றை க்ரை1 விதையைக் கொங்கு நாட்டில் இறக்குவது, என் கணிப்பில், பூச்சிக்குப் பயிற்சி கொடுப்பதற்குச் சமம்.

மேலே சொன்ன "பிடி இல்லாத பயிர்" தானாக வந்துவிடாது, நாம்தான் போட வேண்டும். அதற்குப் புகலிடப் பயிர் என்று பெயர். அமெரிக்க மக்காச்சோள மாநிலங்களில் ஒற்றைப் புரத விதைக்கு 20 சதவீதம், பருத்தி விளையும் தென்பகுதியில் 50 சதவீதம் என்று விதி வைத்தார்கள். நம் பருத்தியில் என்ன நடந்தது என்பது ஊரறிந்தது. 450 கிராம் பிடி பாக்கெட்டோடு 120 கிராம் சாதா விதையைத் தனியாக வைத்துக் கொடுத்தார்கள். அதைப் பெரும்பாலானவர்கள் விதைக்கவே இல்லை. பருத்தியை விட்டால் வேறு தீனி அனேகமாக இல்லாத இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதலில் க்ரை1ஏசி என்ற ஒற்றைப் புரதத்தை, பிறகு 2006இல் வந்த இரட்டைப் புரத விதையையும் தாண்டியது. தக்காளி, துவரை, கொண்டைக்கடலை என்று பல பயிரில் வளரும் பச்சைக் காய்ப்புழுவுக்கு அந்தப் பயிர்களே புகலிடமாக இருந்ததால் அது அவ்வளவு வேகமாகத் தாண்டவில்லை. படைப்புழு பலதும் தின்னும் என்றாலும் நம் ஊரில் அதன் விருப்பம் மக்காச்சோளம், அடுத்து மாட்டுத் தட்டுக்குப் போடும் சோளம். சோளக் காட்டை நம்பிப் புகலிடத்தை விட்டுவிடக் கூடாது.

பருத்திக்குப் பிறகு கொண்டுவந்த தீர்வு, சாதா விதையை அதே பையில் கலந்தே கொடுப்பது. மக்காச்சோளத்தில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மக்காச்சோளம் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். பிடி செடியின் மகரந்தம் பக்கத்துச் சாதாச் செடியின் கதிரில் விழுந்தால், ஒரே கதிரில் பிடி மணியும் சாதா மணியும் மாறி மாறி இருக்கும். கதிர்ப்புழு அங்கே அரைகுறை நஞ்சைத் தின்று பழகும். சின்னப் புழு நூலில் தொங்கிக் காற்றில் செடி விட்டுச் செடி போகும் பழக்கமும் சேர்ந்தால் புகலிடத்தின் பயன் பாதி போய்விடும். தனிப் பாத்தியாகப் போடுவதே சரி. ஐந்து ஏக்கர் போடுபவர் என்றால் ஒரு ஏக்கர் சாதா விதை, அதே நாளில் விதைத்து, பிடி பயிரை ஒட்டியே இருக்க வேண்டும். அதில் புழு அளவு மீறினால் வேறு மருந்து அடிக்கலாம், ஆனால் பிடி பாக்டீரியாத் தூளை அடிக்கவே கூடாது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் பண்ணையம் நடக்கும் ஊரில் ஒவ்வொருவரும் 40 சென்ட், 60 சென்ட் விட வேண்டுமானால் யார் விடுவார்கள் என்பது நியாயமான கேள்வி. ஊர் வாரியாகப் பேசி ஒரு மூலையில் பெரிய துண்டாக விடுவதுதான் நடக்கக்கூடிய வழியாகத் தெரிகிறது.

நன்மை செய்யும் பூச்சிகளைப் பற்றி: பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, சிலந்தி இவற்றுக்குப் பிடி புரதத்தால் நேரடிக் கேடு கள ஆய்வுகளில் தெரியவில்லை. மருந்து அடித்த வயலைவிட பிடி வயலில் இவை அதிகமாக இருக்கின்றன, மருந்தே அடிக்காத சாதா வயலைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட புழுவை மட்டும் நம்பி வாழும் ஒட்டுண்ணிக் குளவி, அந்தப் புழு குறையக் குறையத் தானும் குறையும். ஒரு பூச்சி போன இடத்தில் இன்னொன்று வந்து உட்காருவதும் உண்டு. அமெரிக்காவில் தண்டுத்துளைப்பான் அருகியபோது, க்ரை1ஏபியால் சாகாத வேறொரு கதிர்த் தின்னிப் புழு புது மாநிலங்களுக்குப் பரவியது.

பட்டுப்புழுவும் அந்துப்பூச்சியின் புழுதான், பிடி நஞ்சு அதற்கும் ஆகாது. உடுமலை வட்டாரம் வெண்பட்டுக் கூட்டுக்குப் பேர்போன இடம் என்பதால் இதைக் கேட்டது சரியே. மக்காச்சோள மகரந்தம் கனமானது, பெரும்பகுதி வயலை விட்டுச் சில மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். 1999இல் மொனார்க் வண்ணத்துப்பூச்சிப் புழு பிடி மகரந்தம் தூவிய இலையைத் தின்று செத்ததாக ஆய்வுக்கூடத்தில் காட்டியபோது பெரிய சர்ச்சை எழுந்தது. 2001இல் வயல்களில் அளந்து பார்த்ததில், மகரந்தத்தில் அதிக நஞ்சு வைத்த ஒரு பழைய ரகம் தவிர மற்றவற்றால் ஆபத்து மிகக் குறைவு என்று தெரிந்தது. அந்த ரகம் சந்தையிலிருந்து போய்விட்டது. மல்பெரியும் மக்காச்சோளமும் ஒரே வரப்பில் இருந்தால், பூ உதிரும் பத்து நாளைக்கு ஓர வரிசை இலையைப் பறிக்காமல் விட்டாலே போதும். ஆனால் இன்றைக்குப் படைப்புழுவுக்கு அடிக்கும் குளோரான்ட்ரானிலிப்ரோல், எமாமெக்டின் இரண்டும் பட்டுப்புழுவுக்குக் கடும் விஷம். சாரல் காற்றில் மல்பெரி இலையில் படிந்தால் தட்டுத் தட்டாகப் புழு சாகும். காற்று மல்பெரிப் பக்கம் வீசும்போது அடிக்காதீர்கள், அடிக்கும் நாளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாமக்கல், பல்லடம் தீவன ஆலைகளுக்கு மணி போடுபவர்களுக்கு ஒரு தகவல். புழு கடித்த காயம் வழியாகத்தான் ஃபுசேரியம் பூஞ்சணம் கதிருக்குள் போகிறது. பிடி மக்காச்சோளத்தில் காயம் குறைவு, அதனால் ஃபியூமோனிசின் நஞ்சும் குறைவு. அஃப்ளாடாக்சின் என்ற இன்னொரு பூஞ்சண நஞ்சு விஷயத்தில் பலன் அவ்வளவு சீராக இல்லை, அது மணி காய்ந்த பதத்தையும் சேமிப்பு ஈரத்தையும் பொறுத்தது. நெல்லைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சீனா 2009இல் இரண்டு பிடி நெல் வகைகளுக்கு உயிரிப் பாதுகாப்புச் சான்று கொடுத்தும் வயலுக்கு விடவில்லை. வந்தாலும் குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழுவுக்குத்தான் உதவும். கோபி, கீழ்பவானிப் பக்கம் பயிரை எரிக்கும் புகையான் சாறு உறிஞ்சி, அதற்கு ஒன்றும் ஆகாது.

அதுவரைக்கும் கையில் இருப்பதை வைத்துத்தான் பண்ணையம். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு. விதை நேர்த்தி செய்யாமல் விதைக்க வேண்டாம், கிலோவுக்கு 10 கிராம் பவேரியா பேசியானா (புழுவைக் கொல்லும் பூஞ்சணம்) போதும். இடைவெளி 60க்கு 25 சென்டிமீட்டர், பத்து வரிசைக்கு ஒருமுறை 75 சென்டிமீட்டர் சந்து விடுங்கள். அந்தச் சந்து இல்லாவிட்டால் 45 நாள் பயிருக்குள் ஆள் போய்க் குருத்தில் மருந்து ஊற்ற முடியாது, மேலாக விசிறிவிட்டு வருவார்கள். வரப்போரம் தட்டைப்பயறு அல்லது எள், ஊடுபயிராக உளுந்து. ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி. பொறி அந்துப்பூச்சி வந்ததைச் சொல்லத்தான், பூச்சியை ஒழிக்க அல்ல.

முளைத்து பத்தாம் நாளிலிருந்து வாரம் இருமுறை ஐந்து இடத்தில் இருபது இருபது செடி பாருங்கள். இலையில் பச்சையம் மட்டும் சுரண்டப்பட்டுக் கண்ணாடித் தாள் போல் வெள்ளைத் திட்டு தெரிந்தால் புழு சின்னது, அதுதான் அடிக்கும் நேரம். தலையில் தலைகீழ் ஒய் குறியும், வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளியும் தெரியும் அளவு வளர்ந்து, குருத்தை மரத்தூள் போன்ற எச்சம் அடைத்துவிட்டால் மருந்து உள்ளே இறங்காது. நூறில் பத்துச் செடியில் சேதம் கண்டால், 20 நாளுக்குள் அசாடிராக்டின் 1 சதவீதம், 10 லிட்டர் டேங்குக்கு 20 மில்லி. அதற்கும் அடங்காவிட்டால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி 4 கிராம். 40 நாள் வாக்கில் மறுபடி தேவைப்பட்டால் ஸ்பினிடோரம் 11.7 எஸ்சி 5 மில்லி, அல்லது குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்சி 4 மில்லி. முன்பு அடித்த மருந்தையே திருப்பி அடிக்கக் கூடாது. கடைக்காரர் வேறு கம்பெனி டப்பாவைக் கொடுப்பார், உள்ளே அதே மருந்து இருக்கும், மருந்தின் பெயரைப் படித்து வாங்குங்கள். விடிகாலை அல்லது மாலையில், நாசிலைக் குருத்துக்கு நேராகப் பிடித்து அடிக்க வேண்டும். இரண்டு மருந்தை ஒன்றாகக் கலந்து அடிப்பதால் புழு இரட்டிப்பாகச் சாவதில்லை, பொறிவண்டும் குளவியும்தான் மிச்சமில்லாமல் போகும்.

அறுவடை முடிந்ததும் தட்டை வெட்டி எடுத்துவிட்டு உடனே ஓர் உழவு. கூட்டுப்புழு மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது, வெயிலிலும் கொக்கு, மைனா வாயிலும் போய்விடும். அதே காட்டில் மக்காச்சோளத்தின் மேல் மக்காச்சோளம் போடாமல் உளுந்தோ கொண்டைக்கடலையோ மாற்றுங்கள். ஒரே பாசன வாய்க்காலில் உள்ளவர்கள் பத்துப் பதினைந்து நாளுக்குள் விதைப்பை முடித்துக்கொண்டால், முந்தி விதைத்தவர் காட்டில் பெருகிய அந்துப்பூச்சி பிந்தி விதைத்தவரின் இளங்குருத்தில் வந்து முட்டையிடும் நிலை குறையும்.